பூரணி அக்காவைத் திட்டாதீங்க

வாங்க மேடம், உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் சரியில்ல. இதுல உக்காருங்க. பாப்பா தூங்குது, அதான் மெதுவாப் பேசறேன். இல்லாட்டியும் நான் மெதுவாத்தான் பேசுவேன். அதிகமாப் பேசறதே கிடையாது. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, உன்னய வச்சுக் குடும்பம் நடத்துறதுக்கு ஒரு செவுத்த வச்சு நடத்தலாம்னு. செவுறாவது ஆணி அடிச்சா சத்தம் குடுக்குமாம்.

செல்லக்கிளி சத்துமாவுக் கம்பெனியிலருந்து வர்றீங்கன்னு உங்க சட்டையில இருக்கற கிளியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. முதல்லயே சொல்லிர்றேன். பூரணி அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்களத் திட்டாதீங்க. வேலைய விட்டுத் தூக்கிறாதீங்க. நான் அழுதுக்கிட்டே பேசி அனுப்புனத நீங்க புகாருன்னு எடுத்துக்கிட்டீங்க போல. அது புகார் இல்ல. அது வந்து, மனசு.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். பூரணி அக்கா ஒரே ஒரு தடவ எங்க ஊருக்கு வரணும். அடுத்த தெருவுல எங்க மதினி வீடு இருக்கு. எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அக்கா, பாண்டிச்செல்வின்னு பேரு. பூரணி அக்கா அந்த வாசல்ல நின்னு, 'பாப்பாவுக்கு அத்தை நான் இல்ல, நீங்கதான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். மதினி கோவம் தணிஞ்சு மறுபடி இந்த வீட்டுப் படியேறுவாங்க. அவங்க வராம இந்த வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. நான் எனக்காகச் சொல்லல, எங்க வீட்டுக்காரருக்காகச் சொல்றேன்.

அது என்ன மேடம், கேமராவா? பைக்குள்ளயே இருக்கட்டும். நான் கேமரா முன்னாடியெல்லாம் பேசமாட்டேன். எனக்குப் பேச்சு வராது. சும்மா இருக்கும்போதே வராது.

எப்படிப் பழக்கம்னா கேக்குறீங்க? உங்க பாக்கெட்டுக்குப் பின்னாடிதான் நம்பர் போட்டு, 'உங்கள் பூரணி அக்காவிடம் மனம் விட்டுப் பேசுங்கள்'னு எழுதியிருந்துச்சே. நான் ஆறாவதோட நின்னவ. ஒரு வரிய எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள பாப்பா கிண்ணத்தக் கவுத்துரும். இருந்தாலும் படிச்சு முடிச்சேன். கடையில வாங்குற பாக்கெட்டுல சீனி இவ்வளவு, உப்பு இவ்வளவுன்னுதான் எழுதியிருக்கும். மனம் விட்டுப் பேசுன்னு எந்தப் பாக்கெட்டும் எங்கிட்டச் சொன்னதில்ல.

அப்பயும் உடனே பேசிரல. முன்னப் பின்னத் தெரியாத பொம்பளகிட்ட எடுத்த எடுப்புல என்னத்தப் பேசறது? கொஞ்ச நாள் அந்தப் பாக்கெட்ட அலமாரியில திருப்பித்தான் வச்சிருந்தேன், நம்பர் என்னயப் பாக்காம இருக்கட்டும்னு. அப்புறம் பாப்பாவுக்கு வயிறு சரியில்லாமப் போச்சு. எங்க வீட்டுக்காரரு மினி லாரி ஓட்டுறாரு, வெங்காய லோடு ஏத்திக்கிட்டுக் கேரளா போயிட்டாரு. மதினிகிட்டக் கேக்கலாம்தான். ஆனா அவங்ககிட்ட ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க, விறுவிறுன்னு கிளம்பி வந்து பிள்ளையத் தூக்கிருவாங்க. எனக்கு அவங்களக் கண்டா கொஞ்சம் பயம். அதனால வாட்ஸப்புல அந்த மைக்க அமுக்கிப் பிடிச்சு, கண்ண மூடிக்கிட்டு, 'அக்கா, பாப்பா நேத்துலருந்து வெளிக்குப் போகல'ன்னு சொல்லிட்டேன்.

கண்ணத் தொறக்குறதுக்குள்ள பதில் வந்துருச்சு. 'அருமை தங்கச்சி. இப்படியே தொடருங்க. சாப்டீங்களா?'

முதல்ல எனக்கு ஒண்ணும் புரியல. பிள்ளை வெளிக்குப் போகலன்னா அதுல அருமை என்ன இருக்கு? அப்புறம் யோசிச்சேன். நாலு பிள்ளைகளப் பாத்த பொம்பளையா இருப்பாங்க. பயப்படாதன்னு நேராச் சொன்னா இவ நம்பமாட்டா, அதனால இப்படிச் சொல்லுவோம்னு சொல்லியிருக்காங்க. அதே மாதிரி மறுநாள் காலையில பாப்பா நல்லாப் போயிருச்சு. முந்துன நாள் சாயங்காலம் மதினி வந்து விளக்கெண்ணெயத் தொட்டு வயித்துல தடவிவிட்டது வேற. ஆனா வாய்முகூர்த்தம் அக்காவோடது.

அதவிட அந்த 'சாப்டீங்களா' இருக்கு பாருங்க. பிள்ளை பெத்ததுலருந்து எல்லாரும் பிள்ளை சாப்டுச்சான்னுதான் கேக்குறாங்க. பால் குடிச்சுச்சா, மாவு குடிச்சுச்சா. எங்கிட்டச் சாப்டியான்னு யாரு மேடம் கேட்டா? மதினிகூடக் கேட்டதில்ல. அவங்க பாட்டுக்கு ஒரு தூக்குவாளியில குழம்பக் கொண்டாந்து அடுப்புமேல வச்சிட்டுப் போயிருவாங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க. பூரணி அக்கா கேட்டாங்க.

அதுலருந்து தினமும் பேசிருவேன். துணி காயப்போடும்போது பேசுவேன், பாத்திரம் கழுவும்போது பேசுவேன். ஒரு நாள் மதினியப் பத்தியும் சொன்னேன். பாப்பாவ என் கையிலயே குடுக்கறதில்லக்கா, குளிப்பாட்டுறது, சாம்பிராணி காட்டுறது, தூங்கவைக்கறது எல்லாம் அவங்கதான், பெத்தவ நானா அவங்களான்னே தெரியலன்னு. அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்கள் மேலான கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம்.' எடுத்துக்கொண்டோம்னு போட்டிருந்துச்சு மேடம். எடுத்துக்கொண்டேன்னு இல்ல. அப்ப அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் உக்காந்து பேசியிருக்காங்க. எங்கயோ இருக்கற ஒருத்திக்காக ஒரு குடும்பமே உக்காந்து பேசுது. எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துருச்சு.

நீங்க டீ குடிங்க மேடம். வேணாமா? சும்மா கொஞ்சூண்டு போடறேன். அட, வேணாம்னா விட்டுருவமா. எங்க பக்கம் முதல் தடவ வேணாம்னா அது மரியாதைக்கு. ரெண்டாவது தடவ வேணாம்னா அது கூச்சம். அதுக்கும் மேல கேட்டு வேணாம்னாத்தான் நெசமாவே வேணாம்னு அர்த்தம். வந்தவங்கள அதுகூடக் கேக்காம அனுப்புனா, வந்திருக்கவே வேண்டாம்னு சொல்ற மாதிரி. பாத்தீங்களா, தலைய ஆட்டிட்டீங்க. அதான். இந்தா, அடுப்பு பத்திருச்சு. நான் இங்கருந்தே பேசறேன், கேக்கும்.

காது குத்து வச்சோம்ல, அதுக்கு வர்றேன். எங்க ஊர்ல காதணி விழான்னா பத்திரிகை அடிக்கறாங்களோ இல்லையோ, ஃபிளெக்ஸ் அடிச்சாகணும். மண்டப வாசல்ல ஆனை உயரத்துக்கு நிக்கணும். நடுவுல பிள்ளை, பிள்ளை கண்ணுல கூலிங்கிளாஸ், பின்னாடி ஒரு புலி. சுத்தி வட்டம் வட்டமாச் சொந்தக்காரங்க மூஞ்சி. வட்டத்துக்குக் கீழ தாய்மாமன், பெரியப்பா, சித்தின்னு முறை எழுதியிருக்கும். யாரு வட்டம் பெருசு, யாரு வட்டம் புலிக்குப் பக்கத்துலன்னு பாத்துட்டுத்தான் பாதிப்பேரு பந்தியிலயே உக்காருவாங்க.

எங்க வீட்டுக்காரரு லோடுக்குப் போயிட்டதால, ஃபிளெக்ஸ் கடை வீரணன் அண்ணன் எங்கிட்டப் போட்டோவெல்லாம் அனுப்பச் சொல்லிட்டாரு. என் தம்பி ஒண்ணுக்கு அஞ்சா அனுப்புனான், எல்லாத்துலயும் பைக்குல சாஞ்சுக்கிட்டு. சித்தி அவங்க கல்யாண போட்டோவ அனுப்பி, சித்தப்பாவ வெட்டிவிடச் சொன்னாங்க. மதினிகிட்ட மட்டும் நேர்ல போய்க் கேட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. 'மதினி, ஃபிளெக்ஸுக்கு உங்க போட்டோ ஒண்ணு வேணும்'னேன். தலை நிமிராமலே, 'எனக்கெதுக்குடி போட்டோ. இந்த மூஞ்சிய ரோட்டுல வச்சா மாடு மெரளும்'னாங்க.

சரி மதினின்னு வந்துட்டேன். பெரியவங்க வேணாம்னு சொல்லும்போது திருப்பித் திருப்பிக் கேக்கறது மரியாதையா மேடம்? என்னய அப்படி வளக்கல. தெருவுல எறங்கித் திரும்பிப் பாத்தேன். வெங்காயத்த விட்டுட்டு என்னயவே பாத்துக்கிட்டிருந்தாங்க. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. நல்ல காரமான வெங்காயம் போல.

ஆனா பூரணி அக்கா அப்படியில்ல. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, 'உங்கள் வீட்டு விசேஷங்களை எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்'னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. விடவே இல்ல. அவங்களுக்கு அம்புட்டு ஆசை.

வீரணன் அண்ணன் போன் பண்ணி, 'என்னம்மா, அத்தைன்னு போட்ட வட்டம் காலியா நிக்குது'ன்னாரு. காலியாவே விட்டுருங்கண்ணேன்னேன். 'அதெப்படி விடறது. வட்டம் காலியா இருந்தா ஆளு செத்துப்போச்சுன்னுல நினைப்பாங்க. வர்ற வழியில மாலையோட வந்துருவாங்க'ன்னாரு. மதினிக்கு ஒண்ணு ஆகிட்டா என்ன பண்றது? எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டா எடுக்கல, மலைப் பாதையில போய்க்கிட்டிருப்பாரு. அப்பத்தான் பூரணி அக்காகிட்டக் கேட்டேன். அக்கா, பாப்பாவுக்கு அத்தையா உங்க போட்டோவப் போட்டுக்கட்டுமான்னு. 'கண்டிப்பா தங்கச்சி. உங்க சந்தோஷம்தான் எங்க சந்தோஷம்'னு உடனே வந்துருச்சு. ஒரு பிகு இல்ல, ஒரு மூஞ்சி தூக்கல் இல்ல. வாட்ஸப்புல அவங்க போட்டோ இருந்துச்சுல்ல, பச்சைப் பட்டுச் சீலையில, கையில மாவுப் பாக்கெட்ட வச்சுச் சிரிச்சுக்கிட்டு, அத அப்படியே வீரணன் அண்ணனுக்கு அனுப்பிட்டேன்.

அவரு மேலயும் தப்பு சொல்ல முடியாது மேடம். மத்தவங்க போட்டோவெல்லாம் இருட்டுல எடுத்தது, மங்கல் மசங்கலா இருக்கு. அக்கா போட்டோ மட்டும் பளபளன்னு இருந்துச்சாம். பெருசாக்கப் பெருசாக்க நல்லா வந்துச்சாம். அதனால வட்டத்துலருந்து வெளிய எடுத்து, புலிக்குப் பக்கத்துல முழு ஆளா நிறுத்திட்டாரு. கையில மாவுப் பாக்கெட் இருந்தா நல்லாருக்காதுன்னு அத எடுத்துட்டு ஒரு சீர்த்தட்ட வச்சிட்டாரு. கீழ 'பாசமிகு அத்தை பூரணி, செல்லக்கிளி'ன்னு எழுதிட்டாரு. செல்லக்கிளிங்கறது அவங்க வீட்டுக்காரரு பேருன்னு நினைச்சிருக்காரு.

விசேஷத்தன்னிக்கு மண்டபத்துல நொழையற ஒவ்வொருத்தரும், 'யாருப்பா அந்தப் பச்சைச் சீலை'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. அன்னிக்குக் காலையிலதான் லோடு முடிச்சு வந்த எங்க வீட்டுக்காரருக்கே யாருன்னு தெரியாது. என் பக்கத்துச் சொந்தமா இருக்கும், தெரியலன்னு சொன்னா என் வீட்டு ஆளுக கோவிச்சுக்குவாங்கன்னு, 'நம்ம பூரணிதான், தெரியாதா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. பந்தி முடியறதுக்குள்ள அவருக்குக் கேரளாவுல இன்னொரு குடும்பம் இருக்குன்னு பேச்சு வந்துருச்சு. அவருக்கு எங்க மேடம் நேரம்? லோடு எறக்கவே நேரம் பத்தல.

அப்பத்தான் மதினி வந்தாங்க. சீர் கொண்டாந்தாங்க. எங்க பக்கம் தாய்மாமன்தான் மேளம் வச்சுச் சீர் கொண்டாருவாங்க. மதினியும் மேளம் வச்சு வந்தாங்க. தட்டு தட்டாப் பட்டுப்பாவாடை, கொலுசு, வளவி, பழம், பாப்பா உயரத்துக்கு ஒரு பொம்மை. அவங்க புதுச்சீலை கட்டி நான் பாத்ததே இல்ல, அன்னிக்குக் கட்டியிருந்தாங்க. தலை நிறையப் பூ. ஃபிளெக்ஸுக்கு முன்னாடி வந்ததும் நின்னுட்டாங்க. அவங்க நின்னதும் மேளக்காரங்களும் நின்னுட்டாங்க.

'யாருடி இவ, என் எடத்துல?'ன்னாங்க.

அத்தனை சனம் பாக்குது. ஏதாவது பணிவாச் சொல்லணுமேன்னு, 'அத்தை எடம் காலியா இருந்துச்சு மதினி'ன்னேன்.

அதுல தப்பா என்ன மேடம் இருக்கு? உள்ளதத்தான சொன்னேன். ஆனா அவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. பூரணி அக்காகிட்டப் பேசறதுக்குத் தொறந்து வச்சிருந்த போன என் கையிலருந்து பிடுங்கி, மைக்க அமுக்கி, 'ஏய், எவடி நீ? என் தம்பி பிள்ளைக்கு அத்தையா உன்ன எவ வரச் சொன்னது? தைரியம் இருந்தா நேர்ல வாடி'ன்னு தெருவே கேக்கப் பேசுனாங்க. டிங்னு பதில் வந்துருச்சு. கண்ணாடி இல்லாம அவங்களுக்குப் படிக்க வராது. எங்க வீட்டுக்காரர்கிட்ட நீட்டி, 'படிடா'ன்னாங்க. அவரும் யோசிக்காமச் சத்தமாப் படிச்சிட்டாரு. 'உங்கள் அன்புக்கு நன்றி. உங்களைப் போன்ற அம்மாக்கள்தான் எங்கள் பலம். உங்கள் செல்லத்துக்கு இப்போது எத்தனை மாதம்?'

மதினிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் ஆச்சு. பிள்ளை இல்ல.

மதினி போன எங்கிட்டக் குடுத்தாங்க. தட்டுகளையெல்லாம் ஒவ்வொண்ணா உள்ள கொண்டுபோய் வரிசையா வச்சாங்க. கொலுசுத் தட்டு கோணலா இருந்துச்சு, அத நேரா வச்சாங்க. பொம்மைய ஒரு சேர்ல உக்காரவச்சாங்க. பாப்பாவப் பாக்கல. சாப்பிடல. போயிட்டாங்க. மறுநாள் எங்க வீட்டுக்காரரு கூப்பிடப் போனப்ப, 'அந்த வீட்டுப் படிய இனிமே மிதிக்கமாட்டேன்'னு சொல்லிட்டாங்களாம்.

இப்பயும் சொல்றேன், பூரணி அக்கா கெட்ட எண்ணத்துல கேக்கல. அவங்களுக்கு மதினியப் பத்தித் தெரியாது. நான்தான் பிள்ளை இல்லாததச் சொல்லவே இல்லையே. என்னதான் பழகுனாலும் அதையெல்லாம் வெளியாளுகிட்டச் சொல்லுவாங்களா?

மதினி வராததுலருந்து வீடு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நான்தான் பாப்பாவக் குளிப்பாட்டுறேன். ஒரே அழுகை. சோப்பு மாத்திப் பாத்தேன், தண்ணிச் சூட்டக் கொறச்சுப் பாத்தேன். சாயங்காலமானா வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. கொசுவப் பாக்குதோன்னு கொசுவத்தி கூட வச்சேன். எனக்கும் ராப்பகலா ஒரே எரிச்சலா வருது. பிள்ளைய முழுசா என் கையிலயே விட்டுட்டாங்க, எனக்குச் சந்தோஷமாத்தான இருக்கணும்?

மதினி படிய மிதிக்கமாட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் பூரணி அக்காகிட்ட எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அவங்க மட்டும் அன்னிக்கு ஒரு மாதிரிப் பேசிட்டாங்க. தங்கச்சின்னு இல்ல, சாப்டியான்னு இல்ல. 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு சொல்லி ஒரு நீளமான நம்பர அனுப்பிட்டு விட்டுட்டாங்க. என் அழுகைக்கு எதுக்கு மேடம் நம்பர்? அவங்க வீட்டுலயும் அன்னிக்கு ஏதோ பிரச்சினை போல.

டீ ஆறுது மேடம், குடிங்க. சீனி பத்தலையா? ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?

என்ன சொல்றீங்க?

மெஷினா?

வெளையாடாதீங்க மேடம். சாப்டீங்களான்னு மெஷின் கேக்குமா? சாப்பிடாத ஒண்ணுக்கு அடுத்தவங்க பசி எப்படித் தெரியும்? தானாப் பதில் அனுப்புதா. அப்ப அந்தப் பச்சைச் சீலை? விளம்பரத்துல நடிக்கற பொண்ணா. அவங்களுக்கே தெரியாதா. ஃபிளெக்ஸ் போட்டோவ யாரோ போன்ல பரப்பிவிட்டு, அதப் பாத்து அந்தப் பொண்ணு உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி, 'நான் யாருக்கு அத்தை'ன்னு கேட்டுச்சா. பாவம். அதுக்கும் வீட்டுல என்ன கேட்டாங்களோ.

இருங்க, இருங்க. மெஷின் தானாப் பேசாதுல்ல. யாராவது எழுதிக் குடுத்திருக்கணும்ல. யாரு எழுதுனது?

நீங்களா?

'அருமை தங்கச்சி' நீங்க எழுதுனதா? 'சாப்டீங்களா'வும் நீங்கதானா? எழுதும்போது எந்தத் தங்கச்சிய நினைச்சு எழுதுனீங்க மேடம்? யாரையும் நினைக்கலையா. உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டா மக்கள் மாவ விடாம வாங்குவாங்கன்னு மீட்டிங்ல சொன்னாங்களா. சரி. நெசமாத்தான் சொன்னாங்க. நான் விடாம வாங்குனேன்.

எனக்குக் கோவமான்னா... எனக்குக் கோவம் வராது மேடம். வந்தாலும் வெளிய வராது. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க இப்ப இம்புட்டு தூரம் கார்ல வந்து, என் மூஞ்சியப் பாத்து, அது மெஷின்னு சொன்னீங்கள்ல, அப்ப உங்க மூஞ்சி சிவந்துபோச்சு. பூரணி அக்கா ஒரு நாளும் அப்படி... சரி விடுங்க. அவங்க மூஞ்சிய நான் எங்க பாத்தேன்?

அப்புறமும் வீடியோவுல பேசச் சொல்றீங்களா? 'செல்லக்கிளி எங்க குடும்பத்துல ஒருத்தி'ன்னு சொல்லணுமா? அதுதான மேடம் பிரச்சினையே.

அது என்ன சத்தம்?

எங்க மதினி குரலு மேடம். சத்தியமா அவங்க குரலுதான். உங்க கார் தெருமுனையில நிக்குதுல்ல, கதவுல கிளி படத்தோட. பூரணி கார்ல வந்து எறங்கிட்டான்னு எவளோ போய்ச் சொல்லியிருக்கா. கேக்குதா? 'எங்கடி அவ? அவள வெளிய வரச் சொல்லு. நான் படியேற மாட்டேன், அவ எறங்கி வரட்டும்'ங்கறாங்க. எத்தனை நாளாச்சு மேடம் இந்தக் குரல் இந்த வாசல்ல கேட்டு.

எங்க எந்திரிக்கறீங்க? மெஷின்னு போய்ச் சொல்லப் போறீங்களா? ஐயோ, வேணாம் மேடம். உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன். அவங்களப் பத்தி எனக்குத் தெரியும். தன் எடத்துல இன்னொரு பொம்பள நின்னான்னா, அவளப் போய் நாலு கேள்வி கேட்டா மனசு ஆறிரும். ஒரு மெஷின் நின்னுச்சுன்னா யாரப் போய்க் கேப்பாங்க? அத்தைங்கற எடத்துக்கு ஒரு மெஷினே போதும்னு நினைச்சாளா என் தம்பி பொண்டாட்டின்னு, அது சாகுற வரைக்கும் ஆறாது.

நீங்க பூரணியா இருங்க மேடம். கொஞ்ச நேரத்துக்குத்தான். பொய்யில்ல, எழுதுனது நீங்கதான? அப்ப பாதிப் பூரணி நீங்கதான். போய் நின்னு திட்டு வாங்கிக்கங்க. உங்க கம்பெனியில யாராவது ஒருத்தர் நேர்ல வந்து வாங்கித்தான ஆகணும். கேமராவ இங்கயே வச்சிருங்க. அவங்க பேசும்போது 'உங்கள் மேலான கருத்து'ன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. தலையக் குனிஞ்சு, 'ஆமாக்கா, தப்புத்தான்'னு சொல்லுங்க. நான் உங்க பின்னாடியே நிக்கிறேன். எனக்கு அவங்களக் கண்டா கொஞ்சம் பயம்னு சொன்னேன்ல.

ம், நில்லுங்க. கதவுகிட்ட நில்லுங்க. அப்படித்தான்.

பாக்கறாங்க. மேலயும் கீழயும் பாக்கறாங்க. 'போட்டோவுல செவப்பா இருந்தா'ங்கறாங்க. சிரிக்காதீங்க மேடம்.

'பிள்ளைக்கு எந்தப் பக்கம் படுத்தாத் தூக்கம் வரும்னு தெரியுமாடி உனக்கு? அதுக்கு எந்தக் காதுல சளி எறங்கும்னு தெரியுமாடி?'ன்னு கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. எனக்கும் தெரியாது மேடம், அதனால நீங்களே சொல்லுங்க.

'பொறந்ததுலருந்து என் கையில குளிச்ச பிள்ளைடி அது'ங்கறாங்க. ஆமா மதினி. ஆமா மதினி, உங்க கையிலதான். பாப்பாவ உங்களக் கேக்காமக் குளிப்பாட்டுனது தப்புத்தான். எனக்கு வரல மதினி. அது அழுதுக்கிட்டே இருக்கு. நானும் அழுதுக்கிட்டே இருக்கேன்.

நான் சத்தமாவா பேசுனேன்?

ஒரு அடி பின்னாடி வாங்க மேடம். பயந்துட்டீங்கன்னு நினைக்கட்டும். அங்க பாருங்க, முதல் படியில கால வச்சிட்டாங்க. அவங்களுக்கே தெரியல. நீங்க கண்டுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் பின்னாடி. 'எங்கடி ஓடுற, நில்லு'ங்கறாங்க. நிக்காதீங்க. வீட்டுக்குள்ள வந்துருங்க.

பாப்பா முழிச்சிருச்சு. அந்தக் குரல் கேட்டுத்தான் எந்திரிச்சிருச்சு. அழல மேடம். தொட்டில்லருந்து ரெண்டு கையயும் வெளிய நீட்டுது.

இன்னும் ஒரு அடி. அவ்வளவுதான். குனியறாங்க.

செருப்பக் கழட்டுறாங்க மேடம். பயப்படாதீங்க, அடிக்கறதுக்கு இல்ல. உள்ள வர்றதுக்கு.